பொறிக்கு முன் பிறந்த ஏடு

நுழையும்முன்

ஒரு கருவியை உருவாக்குவது ஓர் அறிவு. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பவற்றை, அதனைக் காணாதவருக்கும் விளங்குமாறு எழுதிவைப்பது வேறோர் அறிவு. மென்பொருள் துறையினர் இவ்விரண்டாம் அறிவை ஆவணமாக்கம் என்பர். நிரல் எழுதியவர் பணி மாறிச் சென்ற பின்னும் அவருடைய நிரல் வாழ்வதற்கு இதுவே துணை. இவ்வறிவின் முன்னோடியாகத் திகழ்பவர், மின்னணுக் கணினி தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த ஒரு பெண்மணி. அவர் விளக்கி எழுதிய பொறி அவர் காலத்தில் உருப்பெறவே இல்லை. அவர் எழுதிய ஏடு மட்டும் நிலைத்தது. அவ்வேட்டின் வரலாறே இப்பாடம்.

பிறப்பும் கல்வியும்

ஏடா லவ்லேஸ் 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை, ஆங்கிலக் கவிஞர்களுள் புகழ்பெற்ற பைரன். தாய், கணிதத்தில் ஈடுபாடு மிக்க அன்னபெல்லா. மகள் பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்த நிலையில் தாய் கணவரைப் பிரிந்து தம் பெற்றோர் இல்லம் சென்றார். சில திங்களில் பைரன் இங்கிலாந்தை விட்டு வெளியேறினார். பிறகு நாடு திரும்பவில்லை. ஏடாவுக்கு எட்டு வயதானபோது அவர் கிரேக்க நாட்டில் காலமானார். தந்தையை நேரில் அறியாமலேயே ஏடா வளர்ந்தார்.

கவிஞரின் கற்பனை வேகம் மகளையும் ஆட்கொண்டுவிடுமோ என்று தாய் அஞ்சினார். அதனைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் கணிதமே என நம்பினார். எனவே, பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்த அக்காலத்தில், வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்திக் கணிதமும் அறிவியலும் கற்பித்தார். ஆயினும் மகளின் கற்பனை அடங்கிவிடவில்லை. பன்னிரண்டு வயதில் ஏடா பறக்கும் பொறி ஒன்றைச் செய்ய எண்ணினார். பறவைகளின் சிறகமைப்பை ஆராய்ந்தார். அதனைப் படங்களுடன் ஒரு நூலாக எழுதவும் திட்டமிட்டார். செய்ய நினைத்ததை எழுதிவைக்கவும் நினைத்த அவ்வியல்பு இளமையிலேயே அவரிடம் வேரூன்றியிருந்தது. 1829இல் தட்டம்மை நோய் தாக்கியதால் கால்கள் செயலிழந்து நெடுநாள் படுக்கையில் கிடந்தார். ஊன்றுகோலுடன் மெல்ல நடக்கத் தொடங்கினார். நோயிலும் கற்றல் நிற்கவில்லை.

பொறியைக் கண்ட நாள்

1833ஆம் ஆண்டு சூன் திங்களில், பதினேழு வயதில், ஏடா கணித அறிஞர் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். அக்காலத்தில் கப்பலோட்டிகளும் வானியலாரும் பொறியாளர்களும் அச்சிட்ட கணித அட்டவணைகளை நம்பியே பணிசெய்தனர். மனிதர் கணக்கிட்டு, மனிதர் அச்சுக்கோத்த அவ்வட்டவணைகளில் பிழைகள் மலிந்திருந்தன. கடலில் ஒரு பிழை, கப்பலின் வழியையே மாற்றிவிடக்கூடும். இதனைத் தவிர்க்க, கூட்டலை மட்டுமே கொண்டு அட்டவணைகளைக் கணக்கிட்டுத் தரும் வேறுபாட்டுப் பொறி என்னும் இயந்திரத்தைப் பாபேஜ் வடிவமைத்தார். அதன் ஒரு சிறு பகுதியைத் தம் இல்லத்தில் விருந்தினருக்கு இயக்கிக் காட்டுவது அவர் வழக்கம். பலரும் அதனை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்த்துச் சென்றனர். ஏடாவோ அதன் பற்சக்கரங்கள் எவ்வாறு கணக்கிடுகின்றன என்பதனை அறிய விழைந்தார். வரைபடங்களைக் கேட்டுப் பெற்றுப் பயின்றார்.

1835இல் ஏடா, வில்லியம் கிங் என்பவரை மணந்தார். கணவர் 1838இல் லவ்லேஸ் கோமகனாகப் பட்டம் பெற்றதால் ஏடாவின் பெயரோடு லவ்லேஸ் என்பது இணைந்தது. மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின்னும் அவர் கணிதத்தைக் கைவிடவில்லை. 1840 முதல், புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கனிடம் கடிதவழிப் பாடம் கேட்டார். ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நிறைவடையாமல், அஃது ஏன் அவ்வாறு அமைந்தது என்று வினவிக்கொண்டே இருந்தார். தமக்கு விளங்காததனை விளங்கவில்லை என ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. பிறருக்கு விளக்கி எழுத விழைவோருக்கு இன்றியமையாத பண்பு அது.

எழுதப்படாத பொறி

வேறுபாட்டுப் பொறி முற்றுப்பெறும் முன்னரே, பாபேஜின் உள்ளத்தில் அதனினும் பெரிய பொறி ஒன்று உருவாயிற்று. அதுவே பகுப்பாய்வுப் பொறி. எண்களைச் சேமித்து வைக்கும் பகுதி ஒன்று. அவற்றைக் கொண்டு கணக்கிடும் பகுதி மற்றொன்று. எதனை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று பணிக்கும் துளையிட்ட அட்டைகள் என அதன் அமைப்பு இன்றைய கணினியின் அமைப்பை ஒத்திருந்தது. அட்டைகளின் கருத்து, பட்டுத்துணியில் பூவேலை நெய்யப் பயன்பட்ட ஜக்கார்டு தறியிலிருந்து பெறப்பட்டது.

பாபேஜ் பொறியை வரைவதில் வல்லவர். ஆனால், அதனைப் பிறர்க்கு விளக்கி நூலாக வெளியிடுவதில் நாட்டம் செலுத்தவில்லை. நூற்றுக்கணக்கான வரைபடங்களும் குறிப்பேடுகளும் அவருடைய அறையிலேயே இருந்தன. நேற்றைய வடிவத்தை இன்று மாற்றுவார். இன்றைய வடிவத்தை நாளை மேம்படுத்துவார். மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொறியை அதன் ஆசிரியரன்றி வேறெவரும் முழுமையாக அறிந்திலர். இதற்கிடையே, வேறுபாட்டுப் பொறிக்காக 17,000 பவுண்டுக்கு மேல் செலவிட்ட ஆங்கில அரசு, பயன் காணாமையால் 1842இல் உதவியை முற்றிலும் நிறுத்திவிட்டது. கட்டப்படாத ஒரு பொறி, எழுதப்படாமலும் போயிருப்பின், பாபேஜின் மறைவோடு அஃதும் மறைந்திருக்கக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர் ஆசிரியரான கதை

1840இல் இத்தாலியின் தூரின் நகரில் நடைபெற்ற அறிஞர் கூட்டத்தில் பாபேஜ் தம் பொறியை விளக்கினார். அதனைக் கேட்ட லூயிஜி மெனாபிரியா என்னும் இளம் பொறியாளர், 1842இல் ஜெனீவா இதழ் ஒன்றில் பிரெஞ்சு மொழியில் கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் இத்தாலியின் தலைமையமைச்சராக உயர்ந்தவரும் இவரே. இக்கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பொறியை இவ்வளவு அறிந்த நீங்களே ஏன் தனிக்கட்டுரை எழுதவில்லை என்று பாபேஜ் வினவியபோது, அவ்வெண்ணம் தமக்குத் தோன்றவில்லை என்றார் ஏடா. அவ்வாறாயின் மொழிபெயர்ப்புடன் குறிப்புகளையேனும் சேர்க்கலாமே எனப் பாபேஜ் கூறினார். அச்சிறு தூண்டுதல் ஒரு பெரும்பணியாக விரிந்தது.

1843ஆம் ஆண்டின் முற்பாதியில் தொடங்கிய அப்பணியில் ஏடாவுக்கும் பாபேஜுக்கும் இடையே கடிதங்கள் இடையறாது சென்றுவந்தன. ஐயங்களை எழுதிக் கேட்பார். விடை தெளிவில்லையெனில் மீண்டும் கேட்பார். அட்டவணையைப் பென்சிலால் எழுதித் தந்தால், கணவர் அதன்மேல் மையூற்றி எழுதி உதவுவார். தாள்கள் தவறிப்போனாலும், திருத்திய படியும் திருத்தாத படியும் கலந்துபோனாலும், பாபேஜைக் கடிந்துகொள்ள அவர் தயங்கியதில்லை. தம்மைக் கேளாமல் தம் எழுத்தில் பாபேஜ் மாற்றம் செய்தபோது, அதனை வெளிப்படையாகவே மறுத்தார். எவர் எதனை மாற்றினார் என்பது தெரியாத ஏட்டை எவரும் நம்ப இயலாது என்பதனை அவர் உணர்ந்திருந்தார்.

மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் 1843இல் இலண்டனின் அறிவியல் இதழ் ஒன்றில் 66 பக்கங்களில் வெளிவந்தன. சூத்திரத்தினும் உரை விரிந்து நிற்பதுபோல, குறிப்புகள் மூலக்கட்டுரையைப்போல் இரு மடங்குக்கும் மேலாக அமைந்தன. அவற்றின்கீழ் ஏடாவின் முழுப்பெயர் இல்லை. அவர் பெயரின் முதலெழுத்துகள் மூன்று மட்டுமே இருந்தன.

குறிப்புகளின் அமைப்பு

ஏடாவின் குறிப்புகள் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளைத் தலைப்பாகக் கொண்ட ஏழு பகுதிகள். இக்கால மென்பொருள் ஆவணம் ஒன்றில் நாம் எதிர்பார்க்கும் கூறுகள் பலவும் அவற்றில் அமைந்திருத்தல் வியப்பிற்குரியது.

முதற்குறிப்பு, பகுப்பாய்வுப் பொறி என்பது யாது, பழைய வேறுபாட்டுப் பொறியிலிருந்து அஃது எவ்வாறு மாறுபடுகிறது என்பதனைத் தெளிவாக்குகிறது. பழைய பொறி ஒரே வகைக் கணக்கைச் செய்வது. புதிய பொறி, அட்டைகளை மாற்றுவதனால் வெவ்வேறு கணக்குகளைச் செய்வது. எண்களின்மேல் செய்யப்படும் செயல் வேறு, அவ்வெண்கள் வேறு என்று பிரித்துக் காட்டிய ஏடா, ஒரே குறியீட்டை இருபொருளில் வழங்குவதால் விளையும் மயக்கத்தையும் சுட்டினார். தம்முள் உறவுடைய எவற்றையும் குறியீடுகளாக மாற்ற இயலுமாயின், அவற்றின்மேலும் பொறி செயற்படும். இசையின் ஒலிகள்கூட இதற்கு விலக்கல்ல என்று அவர் கண்டார். பாபேஜே இவ்வளவு விரிவாக எழுதாத உண்மை இது.

அடுத்த குறிப்புகள் பொறியின் உறுப்புகளையும் அட்டைகளின் இயக்கத்தையும் விளக்குகின்றன. ஒரு கணக்கைப் படிப்படியாகக் காட்டுதற்கு ஏடா அட்டவணை முறையைக் கையாண்டார். செயலின் எண், செயலின் வகை, எந்த எண்கள் எடுக்கப்படுகின்றன, விடை எங்கு வைக்கப்படுகிறது, அவ்விடை எதனைக் குறிக்கிறது என ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி அமைந்தது. ஓரிடத்தில் உள்ள மதிப்பு எத்தனை முறை மாறியுள்ளது என்பதனைக் காட்ட, குறியீட்டின் இடப்புற மேல்மூலையில் சிறிய எண் ஒன்று இடப்பட்டது. மதிப்பு மாறியது என்பதோடு நில்லாமல், எத்தனையாவது மாற்றம் என்பதனையும் பதிவுசெய்த இம்முறை, மாற்றங்களைத் தொடர்ந்து குறித்துவைக்கும் இன்றைய வழக்கத்தை நினைவூட்டுகிறது.

ஒரே செயல்தொகுதி மீண்டும் மீண்டும் வருமாயின், அதற்குரிய அட்டைகளையே திரும்பப் பயன்படுத்தலாம் என்பதனையும் அவர் விளக்கினார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்வதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டதனை எடுத்துக்காட்டி, சுழற்சி முறையால் அட்டைகளின் தொகை எவ்வாறு குறையும் என்று காட்டினார்.

ஏழாம் குறிப்பே புகழ்பெற்றது. பெர்னூலி எண்கள் என்னும் கடினமான எண்வரிசையில் ஓர் எண்ணைப் பொறி எவ்வாறு கணக்கிடும் என்பதனை இருபத்தைந்து செயல்களாகப் பகுத்து, ஒரே அட்டவணையில் அவர் காட்டினார். உலகின் முதல் கணினி நிரல் எனப் பலரும் போற்றுவது இதனையே. பாபேஜும் இத்தகைய கணக்குகள் சிலவற்றை முன்னரே தம் ஏடுகளில் வரைந்திருந்தார் என்பதனால், முதன்மை எவருக்கு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், இத்துணை விரிவான நிரலைப் படிப்பவர் பின்பற்றுமாறு விளக்கத்துடன் அச்சில் தந்த பெருமை ஏடாவுக்கே உரியது.

அதே குறிப்பில் அவர் மற்றொன்றையும் செய்தார். புதிய பொறி ஒன்றைக் கண்டோர் முதலில் அதனை அளவுக்கு மீறிப் புகழ்வர். பின்னர் அளவுக்கு மீறி இகழ்வர் என்று எச்சரித்தார். இப்பொறி தானாக எதனையும் புதிதாகப் படைத்துவிடாது. நாம் பணிக்கத் தெரிந்தவற்றையே அது செய்யும் என்று அதன் எல்லையை வரையறுத்தார். தாம் போற்றும் பொறியின் குறையையும் மறைக்காமல் எழுதியதே அக்குறிப்புகளுக்கு நம்பகத்தன்மை தந்தது.

பிழையும் திருத்தமும்

பெர்னூலி எண்களுக்கான கணிதப் பகுதியில் ஏடாவின் சுமையைக் குறைக்க எண்ணிய பாபேஜ், அதனைத் தாமே செய்து அனுப்பினார். அதில் இருந்த பெரும்பிழை ஒன்றைக் கண்டறிந்த ஏடா, அதனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாபேஜ் தம் தன்வரலாற்றில் இதனைப் பெருந்தன்மையோடு பதிவுசெய்துள்ளார். பொறியைப் படைத்தவரின் கணக்கேயாயினும் சரிபார்த்த பின்னரே ஏட்டில் ஏறவேண்டும் என்பது ஏடாவின் கொள்கை.

அத்துணைக் கவனத்தையும் மீறி, அச்சான அட்டவணையில் ஒரு பிழை தங்கிவிட்டது. நான்காம் செயலில், வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறியிருந்தன. அட்டவணையை இயக்கிப் பார்க்கப் பொறி இல்லாமையால், பிழையை எடுத்துரைக்கும் வாய்ப்பும் இல்லாமற்போயிற்று. பிற்காலத்தில் அதனை இன்றைய கணினிமொழியில் அப்படியே எழுதி இயக்கியோருக்கு விடை பிழைத்தது. ஆயினும், அதே வரிசையில் விடையின் பொருளைக் கூறும் பத்தி சரியாக இருந்தது. செயலோடு நோக்கத்தையும் ஏடா அருகருகே எழுதிவைத்தமையால், எது பிழை, எது கருதியது என்பதனை நூறாண்டு கடந்தும் கண்டறிய முடிந்தது. எழுதுபவர் பிழைசெய்யலாம், ஏன் செய்தோம் என்பதனையும் எழுதிவைத்தால், பின்வருபவர் அதனைத் திருத்தலாம். நல்ல ஆவணத்தின் பயன் இதுவே.

முன்னுரையால் வந்த முரண்

குறிப்புகள் அச்சேறும் வேளையில், 1843 ஆகஸ்டு திங்களில், ஒரு சிக்கல் எழுந்தது. அரசு தமக்கு இழைத்ததாகக் கருதிய தீங்கினைக் கண்டித்து ஓர் அறிக்கை எழுதிய பாபேஜ், அதனைத் தம் கையொப்பமின்றி இக்கட்டுரையோடு சேர்க்க விரும்பினார். ஏடா இணங்கவில்லை. அவ்வாறாயின் கட்டுரையையே இதழிலிருந்து திரும்பப் பெறுமாறு பாபேஜ் கேட்டார். அதற்கும் ஏடா உடன்படவில்லை.

அவருக்கு அது எளிய முடிவன்று. பாபேஜ் பத்தாண்டுக்கால நண்பர், ஆசானைப் போன்றவர், பொறிக்கு உரியவர். அவரைப் பகைத்துக்கொண்டால் இனி அப்பொறியைப்பற்றி எழுதும் வாய்ப்பே கிட்டாமற்போகலாம். ஆயினும், பொறியை விளக்கும் ஏட்டில் ஒருவருடைய மனக்குறை கலக்குமாயின், படிப்பவர் பொறியை விடுத்துப் பூசலையே காண்பர் என்று அவர் கருதினார். இதழுக்குக் கொடுத்த வாக்கினைக் காப்பதும் கடமை என எண்ணினார். இறுதியில் பாபேஜின் அறிக்கை வேறோர் இதழில் தனியே வெளியாயிற்று. பொறியைக் கட்டும் பணியின் நிருவாகத்தைத் தம் பொறுப்பில் விட்டால் தொடர்ந்து உழைக்க அணியமாயிருப்பதாக ஏடா எழுதிய நீண்ட கடிதத்தைப் பாபேஜ் ஏற்கவில்லை. எனினும், இருவரின் நட்பு முறியவில்லை. விரைவிலேயே மீண்டும் தளிர்த்தது.

மறைவும் மறுவாழ்வும்

அதன்பின் ஏடா இத்தகைய பெருநூல் ஒன்றையும் எழுத வாய்க்கவில்லை. இறுதியாண்டுகளில் கடனும் நோயும் அவரை வருத்தின. புற்றுநோயால் நெடுந்துன்பம் உற்று, 1852 நவம்பர் 27ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். தந்தை பைரன் மறைந்ததும் அதே வயதில்தான். வாழ்நாளில் பிரிந்திருந்த தந்தையின் அருகிலேயே, ஹக்நல் என்னும் ஊரின் தேவாலயத்தில், தம் விருப்பப்படி அடக்கம் செய்யப்பெற்றார்.

பாபேஜ் 1871இல் மறைந்தார். பகுப்பாய்வுப் பொறி கட்டப்படவில்லை. அவருடைய மகன் ஹென்றி, தந்தையின் பொறிகளைப்பற்றி 1889இல் வெளியிட்ட தொகுப்பில் ஏடாவின் குறிப்புகளும் இடம்பெற்றன. 1950இல் கணினியியல் மேதை ஆலன் டூரிங், பொறிகளால் சிந்திக்க இயலுமா என்று ஆராய்ந்த தம் கட்டுரையில், ஏடா வரையறுத்த எல்லையை எடுத்துக்கொண்டு அதற்கு மறுமொழி எழுதினார். 1953இல் கணினிகளைப்பற்றி வெளிவந்த ஓர் ஆங்கில நூலில் அக்குறிப்புகள் மீண்டும் அச்சேறி, புதிய தலைமுறையைச் சென்றடைந்தன.

1979இல் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை தன் புதிய கணினிமொழிக்கு ஏடா என்று பெயரிட்டது. அம்மொழிக்குரிய தர ஆவணத்தின் எண் 1815. அஃது அவர் பிறந்த ஆண்டு. நிரலை எழுதுவோரின் எளிமையைவிடப் படிப்போரின் தெளிவே முதன்மை என்பது அம்மொழியின் வடிவமைப்புக் கொள்கைகளுள் ஒன்று. அப்பெயர்க்கு அதனினும் பொருத்தமான கொள்கை இல்லை.

பொறிகள் துருப்பிடிக்கும், நிரல்கள் பழையனவாகும், அவற்றைப் படைத்தோரும் மறைவர். அவர் இல்லாத நாளில் அவருடைய பணியைத் தொடர வருபவர் கையில் எஞ்சுவது, தெளிவாக எழுதிய ஏடு ஒன்றே. அவ்வேட்டை எழுதுதலைப் பணி முடிந்தபின் செய்யும் எஞ்சிய வேலையாகக் கருதாமல், பணியின் ஒரு பாதியாகவே ஏடா கருதினார். கணினியின்முன் அமர்ந்து நிரல் எழுதப்போகும் இளந்தலைமுறை அவரிடமிருந்து கொள்ளத்தக்க பாடம் அதுவே.

தெரிந்து தெளிவோம்

நல்ல மென்பொருள் ஆவணத்தின் இயல்புகள்:
• மென்பொருள் எதற்கு உரியது, எவருக்கு உரியது என்பதனைத் தொடக்கத்திலேயே கூறும்.
• நிறுவும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் எடுத்துக்காட்டுகளுடன் படிப்படியாக விளக்கும்.
• எதனைச் செய்கிறது என்பதோடு, ஏன் அவ்வாறு செய்கிறது என்பதனையும் கூறும்.
• செய்ய இயலாதவற்றையும் அறிந்த குறைகளையும் மறைக்காது.
• நிரல் மாறும்போதெல்லாம் தானும் திருத்தப்படும். மாற்றிய நாளையும் மாற்றத்தையும் குறிக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் பயன்படும் மென்பொருள் ஒன்றினைப் புதிதாகச் சேரும் மாணவருக்கு விளக்கும் வகையில் ஒரு பக்க வழிகாட்டி எழுதுக. அதனை உடன்பயிலும் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் உதவியின்றி அவரால் பின்பற்ற முடிகிறதா எனக் கண்டு, குறைகளைத் திருத்துக.

2. பாபேஜின் அறிக்கையைச் சேர்க்க மறுத்த ஏடாவின் முடிவு சரியானதா? இருதரப்புக் கருத்துகளையும் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.